ஸஹீதா திருத்திய முடிவு

கம்பஸ் வாசலுக்கு எதிரே போட்டோக்கொப்பிக் கடை வைத்திருப்பவன் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, மெசின் எந்த நேரத்தில் முரண்டு பிடிக்கும் என்பது. மற்றது, பிள்ளைகள் தட்டச்சுக்குக் கொண்டுவருகிற ஆய்வேட்டை வாசிக்கக் கூடாது என்பது. வாசிக்கத் தொடங்கினால் வேலை ஓடாது. வந்தாறுமூலையில் பதினெட்டு வருடமாகக் கடை நடத்துகிறேன். இந்த இரண்டாவது சட்டத்தை நான் மீறியதில்லை. என்னிடம் தட்டச்சு வேலை பார்க்கும் ஸஹீதாவும் பதினான்கு வருடம் மீறாமல்தான் இருந்தாள். பதினைந்தாவது வருடம் மீறினாள். அதனால் ஒரு பெண்பிள்ளையின் நாலு வருட உழைப்பு ஒரு மணித்தியாலத்துக்குள் நாசமாகப் பார்த்தது.

ஸஹீதாவைப் பற்றிச் சொல்ல வந்தால் அந்த ஒரு மணித்தியாலத்தைத்தான் சொல்ல வேண்டும். மற்ற நாட்களில் அவளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஏறாவூரிலிருந்து காலை எட்டு மணி பஸ். கறுப்பு ஹபாயா. கதிரையின் பின்புறம் கொழுவிய கைப்பை. வயது நாற்பத்தாறு. அவளுடைய கீபோர்டில் எழுத்தெல்லாம் தேய்ந்து மொட்டையாகிவிட்டது. வேறு யார் வந்து குந்தினாலும் தன் பெயரைக்கூட அடிக்க முடியாது.

அவளிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. மாணவர்கள் எழுதிக் கொடுத்ததில் ஓர் எழுத்தைக்கூடத் தானாக மாற்றமாட்டாள். சந்தேகம் வந்தால் பென்சிலால் கோடு போட்டு வைப்பாள், பிள்ளை வந்ததும் கேட்பாள். நான் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன்.

"புள்ள, 'நெற்செய்க' எண்டு கிடக்கு. 'கை' எண்டு போட்டுட்டுப் போவன்."

"பிழையா எழுதியிருந்தாலும் அது அவங்கட பிழை அண்ணன். நாம ஆரு திருத்துறதுக்கு?"

இப்படிப்பட்டவள் செய்த வேலையைத்தான் சொல்லப் போகிறேன்.

எட்டு மாதத்துக்கு முன் களுதாவளையிலிருந்து தக்ஷாயினி என்றொரு பிள்ளை தன் எம்.பில். ஆய்வேட்டைக் கையெழுத்தில் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்தாள். தமிழ்த் துறையில் தற்காலிக விரிவுரையாளர். பட்டம் கிடைத்தால் வேலை நிரந்தரமாகும்; கிடைக்காவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆய்வு எதைப் பற்றி என்று கேட்டேன். வளர்ந்த ஆட்கள் ஏன் தேவதைக் கதை வாசிக்கிறார்கள் என்பதைப் பற்றியாம். நான் சிரித்துவிட்டேன். வளர்ந்த ஆட்களுக்குத் தண்ணி பில்லும் கரண்ட் பில்லும் வாசிக்கவே நேரமில்லை என்றேன். அந்தப் பிள்ளை கோபிக்கவில்லை. பின்னிணைப்பில் ஆறு கதை இருக்கிறது, நானே இங்கிலிஷிலிருந்து மொழிபெயர்த்தேன், ஒன்றை வாசித்துப் பாருங்கள் ஐயா என்றாள். நான் வாசிக்கவில்லை. அடித்தவள் வாசித்தாள்.

எனக்கு அது மூன்றாம் நாளே விளங்கியது. ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் அடிக்கிறவள் ஏழு பக்கத்தில் நின்றாள். சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துவிட்டு எனக்குக் கதை சொல்லத் தொடங்கினாள். ஒரு வியாபாரி தினமும் தன் சிரிப்பில் ஒன்றைப் பிடித்து ஜாடியில் அடைத்து வைக்கிறான், வயது போன காலத்தில் உதவும் என்று. கிழவனான பிறகு மூடியைத் திறந்தால் சிரிப்பெல்லாம் வெளியே வருகிறது; எதற்குச் சிரித்தது என்பதுதான் அவனுக்கு ஞாபகமில்லை. இவ்வளவுதான் கதை. இதை என்னிடம் ஏன் சொன்னாள் என்று மூன்று நாள் எரிச்சலோடு திரிந்தேன். கடையை மூடும் நேரத்தில் அந்தக் கிழவன் வந்து கண்ணுக்கு முன்னே நிற்பான்.

"இது சின்னப் புள்ளையளுக்கு எழுதினதில்ல அண்ணன்," என்றாள் ஸஹீதா. "சின்ன வயசில கத கேட்டா, மறுகா என்ன நடந்த, மறுகா என்ன நடந்த எண்டு கேப்பம். இந்த வயசில கேட்டா, ஏன் அப்பிடி ஒரு வாக்குக் குடுத்தா எண்டுதான் கேக்கத் தோணுது. ராசா, ஜாடிக்குள்ள சிரிப்பு, எல்லாம் பொய். அந்தப் பொய்ய ஒரு மறைப்பு மாதிரிக் கட்டிப்போட்டு, அதுக்குப் பின்னால நிண்டு உண்மையச் சொல்றாங்க. நேர சொன்னா நாம கேக்க மாட்டம்."

தட்டச்சுக்காரி இலக்கியம் பேசுகிறாளே என்று நானும் பகிடி பண்ணினேன். சிரித்தாள். அந்த வாரக் கடைசியில் ஆறாவது கதையை அடித்தாள். அன்று சோறு தின்னவுமில்லை, கதை சொல்லவுமில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

எங்கள் கடையில் ஒரு வழமை உண்டு. அடித்து முடித்த பிரதியை மாணவர் வாசித்துப் பார்த்து, 'சரி பார்த்தேன்' என்று கடையில் இருக்கிற ஒரு நோட்டுக் கொப்பியில் கையெழுத்து வைக்க வேண்டும். அதற்குப் பிறகு வரும் பிழைக்குக் கடை பொறுப்பில்லை. எல்லாரும் கையெழுத்து வைப்பார்கள். எல்லாரும் முன்னுரையையும் முடிவுரையையும் மட்டும் வாசிப்பார்கள். பின்னிணைப்பை எவன் வாசிப்பான்? தக்ஷாயினியும் வைத்தாள். கையெழுத்துக் கட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டும் போகவில்லை. அப்படி விட்டுப்போகிற தாள்களை மூன்று மாதம் வைத்திருந்து, பிறகு கச்சான் வண்டிக்காரனுக்குக் கொடுத்துவிடுவோம். கடலைச் சுருள் சுற்ற நல்ல தாள்.

போன மாதம் ஒரு புதன்கிழமை தக்ஷாயினியின் வைவா, வாய்மொழிப் பரீட்சை. காலை பத்தே முக்காலுக்குத் துறையில் வேலை செய்கிற அம்ஜத் வீதியைக் கடந்து ஓடிவந்தான். கையில் நாங்கள் பைண்டிங் செய்த ஆய்வேடு ஒன்று, பழைய இங்கிலிஷ் புத்தகம் ஒன்று.

"வல்லிபுரம் அண்ணன், இந்தப் பக்கத்திலயும் இந்தப் பக்கத்திலயும் அஞ்சஞ்சு கொப்பி. சுறுக்கா. உள்ளுக்குப் பெரிய கூத்து நடக்கிது."

ஸஹீதாதான் எழுந்து வாங்கினாள். ஆய்வேட்டை விரித்துக் கண்ணாடியில் கவிழ்க்கப் போனவள் அப்படியே நின்றாள். நூற்றெண்பத்தேழாம் பக்கம்.

"என்ன கூத்து?" என்று கேட்டேன்.

அம்ஜத் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான். வெளியிலிருந்து பரீட்சகராக வந்த பேராசிரியை, தக்ஷாயினியைப் பிடித்துக்கொண்டாராம். நாலாம் அத்தியாயத்தில் இந்தக் கதையின் தாயை மகள் அடையாளம் காணவில்லை, அந்த இடம்தான் வளர்ந்த வாசகரைப் பிடிக்கிறது என்று நாற்பது பக்கம் எழுதியிருக்கிறது. பின்னிணைப்பைப் பார்த்தால் மகள் ஓடிவந்து தாயைக் கட்டிப்பிடிக்கிறாள். கதையை மொழிபெயர்த்தவர் இந்த அத்தியாயத்தை எழுதியிருக்க முடியாது, அத்தியாயத்தை எழுதியவர் கதையை மொழிபெயர்த்திருக்க முடியாது, இரண்டில் ஒன்று உங்களுடையதில்லை, யார் எழுதித் தந்தது என்று கேட்டாராம்.

"அந்தப் புள்ள என்ன சொன்ன?"

"நான் இப்பிடி எழுதல்ல எண்டு அழுகிது. டைப் பண்ணின இடத்தில பிழை வந்திரிக்கும் எண்டிச்சு. டைப் பண்றவங்க எழுத்துப் பிழை விடுவாங்க, கதையவே மாத்துவாங்களா எண்டு அந்த மிஸ் கேட்டாங்க. இப்ப டீ குடிக்க விட்டிரிக்கி. பதினொண்டரைக்குத் திரும்ப இருப்பாங்க. மோசடி எண்டு எழுதினா அந்தப் புள்ள இனி எந்தக் கம்பஸ்லயும் பதிய ஏலாதாம். அண்ணன், அவங்கட கையெழுத்துக் கட்டையும் கேட்டவங்க."

"அது கச்சானாப் போயிட்டு," என்றேன்.

இருபது நாளைக்கு முன்தான் கொடுத்தேன். களுவன்கேணிக் கடற்கரையில் யாரோ கச்சானைத் தின்றுவிட்டுச் சுருட்டி எறிந்திருப்பான்.

ஸஹீதா கொப்பி எடுத்துக் கொடுத்தாள். அம்ஜத் ஓடினான். கடையில் வேறு ஆளில்லை. அவள் மெசின் மூடியைப் பிடித்தபடி நின்றாள்.

"நான்தான் அண்ணன் மாத்தின."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வாயில் வந்ததெல்லாம் பேசினேன். உனக்குப் பைத்தியமா, நாலு வருஷமா ஒரு புள்ள தூக்கமில்லாம எழுதினதில கை வைக்க உனக்கு ஆர் அதிகாரம் தந்த, ஒரு கொம்பு, ஒரு கால் மாத்தாதவள் எண்டு ஊரெல்லாம் உன்னப் புகழ்ந்து திரிஞ்சனே என்றெல்லாம். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். பேசி முடிந்ததும் ஏன் என்று கேட்டேன். அதை முதலிலேயே கேட்டிருக்கலாம்.

அந்த ஆறாவது கதை இது. குளிர் தேசத்தில் ஒரு ஏரி. ஏரிக்குள் ஒரு அரண்மனை. பஞ்ச காலத்தில் ஒரு விதவைத் தாய், மகள் பசி அறியாமல் வளரட்டும் என்று அவளை அரண்மனைச் சீமாட்டியிடம் கொடுத்துவிடுகிறாள். வருடத்தில் ஒரு நாள் தாய் கரைக்கு வந்து நிற்கலாம்; ஏரி திறந்தால் மகளைப் பார்க்கலாம். எட்டு வருடம் ஏரி திறக்கவில்லை. ஒன்பதாவது வருடம் திறக்கிறது. வண்டியில் மகள் வருகிறாள். தாய், மகளை வீட்டில் கூப்பிடும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள்.

அதற்குப் பிறகு வரும் வரிகளைத்தான் ஸஹீதா மாற்றியிருந்தாள். பக்கம் குலையாமல், வரிக்கு வரி எண்ணி, மகள் வண்டியிலிருந்து குதித்து 'அம்மா' என்று கட்டிப்பிடித்ததாக அடித்திருந்தாள். கதிரையில் உட்கார்ந்து, கீபோர்டைப் பார்த்தபடி, பதினான்கு வருடமாக என்னிடம் சொல்லாததைச் சொன்னாள்.

ஸஹீதாவின் புருஷன் பொலன்னறுவைப் பக்கம் வியாபாரத்துக்குப் போய், அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான். அப்போது மகள் முப்லிஹாவுக்கு இரண்டு வயது. தங்கைக்கு வேறு வழியில்லை என்று கண்ட அவளுடைய ராத்தா, மூத்தவள் ஸுஹைனா, பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு மூன்றும் ஆண்பிள்ளைகள். ஸஹீதா சவூதிக்கு வீட்டுவேலைக்குப் போனாள். இரண்டு வருடம் என்று போனது ஏழு வருடமானது. திரும்பி வந்து வாசலில் பெட்டியோடு நின்றபோது ஒன்பது வயதுப் பிள்ளை கதவைத் திறந்தது. பார்த்துவிட்டு உள்ளே ஓடி, "உம்மா, ஆரோ வந்திரிக்காங்க" என்றது. ராத்தா வெளியே வந்தாள். பிள்ளை பயந்து அவளுடைய முந்தானைக்குள் ஒளிந்தது. அந்த நேரத்துக்குப் பிள்ளையை ஆற்றுவதற்காக ராத்தா ஒரு சொல் சொன்னாள்: "சாச்சி வந்திரிக்காங்க மகள்." தாயின் தங்கையை எங்கள் பக்கத்து முஸ்லிம் ஆட்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

நாளைக்கு ஆறுதலாகச் சொல்லுவோம் என்று இரண்டு பேரும் விட்டார்கள். நாளைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல். அடுத்த வாரம் பரீட்சை. அடுத்த வருடம் பிள்ளை பெரிய பிள்ளையானது. பதினைந்து வருடமாகியும் அந்த நாளை வரவில்லை. சவூதியில் உழைத்ததில் கட்டிய வீட்டைத்தான் முப்லிஹாவுக்குச் சீதனமாகக் கொடுத்தார்கள். கலியாணத்தன்று பெண்ணின் தாய் இருக்கிற இடத்தில் ராத்தா இருந்தாள். ஸஹீதா குசினியில் வட்டிலப்பம் வெட்டினாள். உம்மா யார் என்று குடும்பத்துக்குத் தெரியும். தெரியும் என்று யாரும் காட்டிக்கொள்வதில்லை. நானும் முப்லிஹா அவளுடைய ராத்தாவின் மகள் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

"அந்த வரியளுக்கு வந்ததும் கை ஓடல்ல அண்ணன். ரெண்டு நாள் வெச்சிரிந்தன். மறுகா, இந்தக் கதையிலயாவது அவ கூப்பிடட்டும் எண்டு அடிச்சிட்டன். பின்னிணைப்புத்தானே, ஆரு பாக்கப்போற எண்டு நினைச்சன்."

என் புத்தி அந்த நேரத்தில் எங்கே போனது தெரியுமா? மேசை லாச்சிக்குள் இருந்த கொப்பிக்குப் போனது. அந்தப் பிள்ளையின் கையெழுத்து இருக்கிறது. கொப்பியைத் தூக்கிக் காட்டினால் கடை தப்பிக்கும். இதைச் சொல்ல இன்றைக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லாமல் விட்டால் நான் நல்லவனாகிவிடுவேன்.

"ஸஹீதா, நீ பேசாம இரு. சரி பாத்தன் எண்டு அவ கையெழுத்து வெச்சிரிக்கா. கடைக்கு ஒண்டுமில்ல."

"கடை தப்பும். அந்தப் புள்ள?"

"அவ இன்னொரு தரம் எழுதட்டும்."

"எழுத உட மாட்டாங்க எண்டு அம்ஜத் சொன்ன கேக்கல்லயா?"

"அப்ப தவறுதலா அடிச்சிட்டன் எண்டு போய்ச் சொல்லு. காரணம் ஒண்டும் சொல்லாத."

"தவறுதலா ஆராவது கட்டிப்புடிக்க வெப்பாங்களா அண்ணன்?" என்றாள். "ஏன் எண்டு கேப்பாங்க. அங்க றிஷாட் சேர் இரிக்கார். அவர்ர வைஃப் ராத்தாட மச்சி. நான் வாயத் திறந்தா பின்னேர அஸர் பாங்குக்கு முன்ன ஏறாவூர் முழுக்கத் தெரியும். முப்லிஹாட மாப்பிள வீட்டுக்கும் தெரியும். ராத்தாட மூஞ்சில நான் எப்பிடி முழிக்கிற?"

அவள் கீபோர்டுக்குத் திரும்பி, யாரோ நிலத்தடி நீரின் உவர்த்தன்மை பற்றி எழுதிய கட்டை எடுத்து அடிக்கத் தொடங்கினாள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. மணி பதினொன்று பத்து. ஒரு பையன் அடையாள அட்டை கொப்பி எடுக்க வந்தான், கொடுத்தனுப்பினேன். பதினொன்று இருபது. மெசினுக்கு மேல் மாட்டியிருந்த மணிக்கூட்டை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். இன்னும் பத்து நிமிடம் போனால் எல்லாம் முடிந்துவிடும். அந்தப் பத்து நிமிடத்தைப் பிடித்துத் தள்ள முடிந்தால் தள்ளியிருப்பேன்.

பதினொன்று இருபத்திரண்டுக்கு அவள் எழுந்தாள். கைப்பையை எடுத்தாள்.

"அண்ணன், நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி. நான் போறன்."

வீதியில் பஸ் ஒன்று ஹோன் அடித்துக்கொண்டு வந்தது. அவள் பார்க்காமல் கடந்தாள். நான் கடையை அப்படியே போட்டுவிட்டு, லாச்சியைத் திறந்து கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அவளுக்குத் துணையாகப் போனேன் என்று பிறகு ஆட்களிடம் சொன்னேன். அது பொய். அவள் கடையையும் சேர்த்துக் கவிழ்த்துவிடுவாளோ என்ற பயத்தில்தான் ஓடினேன்.

மேல்மாடி அறை. நீட்டு மேசை. நாலு பேர், அதில் ஒருவர் றிஷாட் சேர். மேசையின் இந்த முனையில் தக்ஷாயினி, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு. எங்களைப் பார்த்ததும் அவளுடைய முகம் இன்னும் வெளிறியது. வாசலில் அம்ஜத் தடுக்கப் பார்த்தான். ஸஹீதா அவனைத் தாண்டிப் போய்விட்டாள். நான் கதவுநிலையோடு நின்றேன்.

"யார் நீங்கள்?" என்று கேட்டார் பேராசிரியை. நரைத்த தலை, கண்ணாடி. குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நான் முன்னுக்குக் கடையில டைப் பண்றவள் மிஸ். இந்தப் பக்கத்த மாத்தினது நான். அந்தப் புள்ள எழுதினது வேற."

தக்ஷாயினி வாயைப் பொத்திக்கொண்டாள். பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினார்.

"இப்படி வந்து சொல்லும்படி உங்களுக்கு யாரும் சொன்னார்களா?"

"இல்ல மிஸ்."

"இவருடைய கையெழுத்துப் பிரதி எங்கே?"

"இல்ல. கச்சான்காரனுக்குப் போயிட்டு."

யாரோ சிரித்தார்கள். பேராசிரியை சிரிக்கவில்லை. "அப்படியென்றால் நீங்கள் சொல்வதை நான் எதை வைத்து நம்புவது?"

ஸஹீதாவின் கை கைப்பை வாரைப் பிடித்திருந்தது. "எனக்கு அது பாடம் மிஸ்," என்றாள். "அவ எழுதின மாதிரியே பாடம்."

"இங்கிலிஷ் வாசிப்பீர்களா?"

"மருந்துப் போத்தல்ல இரிக்கிறத வாசிப்பன். அரபு கொஞ்சம் கதைப்பன். வேற தெரியா."

பேராசிரியை பழைய இங்கிலிஷ் புத்தகத்தை இழுத்து, கடைசிப் பக்கத்தை விரித்து, விரலை வைத்தார். "சொல்லுங்கள்."

ஸஹீதா தக்ஷாயினியைப் பார்க்கவில்லை, றிஷாட் சேரையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள். எங்கள் பேச்சில் இல்லை. அந்தப் பிள்ளை எழுதிய எழுத்துத் தமிழில், ஒரு சொல்லும் தடுமாறாமல்.

"தாய், வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மகள் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த ஏவலாளிடம், 'யார் இந்த அம்மா? இந்தக் குளிரில் வெறுங்காலோடு நிற்கிறாளே. ஏதாவது கொடுத்தனுப்பு' என்றாள். ஏவலாள் இறங்கி வந்து, அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டி ஒன்றைக் கொடுத்தான். தாய் அதை இரண்டு கையாலும் வாங்கி, 'நன்றி சீமாட்டி' என்றாள். வண்டி தண்ணீருக்குள் இறங்கியது. வீட்டுக்குப் போகிற வழியில் அவளுக்குப் பசித்தது. ரொட்டியைப் பிய்த்துத் தின்றாள்."

நிறுத்தினாள். பேராசிரியையின் விரல் பக்கத்தின் அடியில் ஒரு வரிக்கு மேலே நின்றது. எல்லாரும் காத்திருந்தார்கள். அந்த வரியை அவள் சொல்லமாட்டாள் என்று எனக்குப் பட்டது.

"ரொட்டி நன்றாக இருந்தது," என்றாள் ஸஹீதா.

விரல் கடைசி வரியின் முடிவுக்குப் போய்ச் சேர்ந்தது. பேராசிரியை புத்தகத்தை மூடவில்லை. "இரண்டு கையாலும் என்றுதான் இதிலும் இருக்கிறது," என்றார். பிறகு நிமிர்ந்து கேட்டார். "ஏன் மாற்றினீர்கள்?"

"மேடம், அது இப்ப தேவையில்லத்தானே," என்று றிஷாட் சேர் மெதுவாகச் சொன்னார். நல்ல மனிதர். அவருக்கு ஓரளவு விளங்கியிருக்க வேண்டும். மேசையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். ஸஹீதா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்திருக்கலாம். வாசல் திறந்துதான் இருந்தது.

"தேவை," என்றார் பேராசிரியை. "தட்டச்சு செய்கிறவர் காரணமில்லாமல் ஒரு கதையின் முடிவை மாற்றமாட்டார். காரணம் தெரியாமல் நான் கையெழுத்து வைக்க முடியாது."

ஸஹீதா றிஷாட் சேரை நேராகப் பார்த்தாள்.

"எனக்கு ஒரு மகள் இரிக்கா மிஸ். ரெண்டு வயசில உட்டுட்டு சவூதிக்குப் போனன். ஏழு வருஷம். திரும்பி வந்து வாசல்ல நிண்ட நேரம் ஆரோ வந்திரிக்காங்க எண்டா. இண்டைக்கும் என்னய சாச்சி எண்டுதான் கூப்பிடுறா. அதால அந்த வரியள அடிக்க என்னால ஏலாமப் போயிட்டு. பிழைதான். அந்தப் புள்ளையத் தண்டிக்காதீங்க."

கக்கத்துக் கொப்பி வேர்வையில் நனைந்துவிட்டது. அதை யாரும் கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை.

பேராசிரியை ஏதோ எழுதினார். நீண்ட நேரம் எழுதினார். பிறகு தக்ஷாயினியிடம், வாசிக்காமல் கையெழுத்து வைத்ததற்காக நன்றாக ஏசினார். நூற்றெண்பத்தேழாம் பக்கத்தைத் திருத்தி இரண்டு வாரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும், அதன் பிறகு பட்டத்துக்குச் சிபாரிசு என்றார். தக்ஷாயினி மேசையில் தலையை வைத்து அழுதாள். "நீங்கள் செய்தது பெரிய பிழை," என்று ஸஹீதாவிடம் சொன்னார். "ஓம் மிஸ்," என்றாள் ஸஹீதா. அவ்வளவுதான். நாங்கள் வெளியே வந்தோம்.

படியிறங்கும்போது தக்ஷாயினி பின்னால் ஓடிவந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன். அவள் ஸஹீதாவின் முன்னே நின்று, "என்ட நாலு வருஷம், அக்கா," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். அவள் மேல் எப்படிக் குறை சொல்வது?

கடைக்கு வந்து நான் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன். ஸஹீதா குடித்தாள். வீட்டுக்குப் போ, நாளைக்குச் செய்யலாம் என்றேன். கேட்கவில்லை. அந்தக் கோப்பைத் திறந்து நூற்றெண்பத்தேழாம் பக்கத்துக்குப் போய், கட்டிப்பிடித்த வரிகளை அழித்தாள். மகள் திரும்பிப் பார்த்தாள் என்று அடித்தாள். யார் இந்த அம்மா என்று அடித்தாள். தட்டும் சத்தம் ஒரே சீராக வந்தது.

பின்னேரம் மூன்றரை இருக்கும். அஸர் தொழுகைக்குப் பாங்கு இன்னும் சொல்லவில்லை. அவளுடைய போன் அடித்தது. அடித்துக்கொண்டே பேச வசதியாகப் போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைப்பாள். அன்றும் பழக்க தோஷத்தில் அப்படியே வைத்துவிட்டாள். முப்லிஹா.

"சாச்சி, எங்க நிக்கிறீங்க?"

"கடையில."

"கம்பஸ்ல என்னமோ சொன்னீங்களாம். றிஷாட் சேர்ர வைஃப் உம்மாக்குக் கோல் எடுத்திரிக்காங்க. உம்மா ரூமுக்குள்ள போய்ப் படுத்திட்டாங்க, ஒண்டும் கதைக்கிறாங்க இல்ல. என்ன சொன்னீங்க?"

ஸஹீதாவின் விரல்கள் கீபோர்டின் மேல் நின்றன. எழுந்து வெளியே போய்விடலாமா என்று எனக்கு இருந்தது. போகவில்லை.

"நீ நான் பெத்த புள்ள எண்டு சொன்னன்."

அந்தப் பக்கத்தில் எங்கோ தண்ணீர்க் குழாய் திறந்து ஓடும் சத்தம் கேட்டது. யாரோ அதை மூடினார்கள். ஸஹீதா போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது எனக்குத் தெரியுந்தானே, சாச்சி," என்றாள் முப்லிஹா.